ஏழாங்கட்டை வளைவு

மலேசியாவில் இப்போ நகரிலிருந்து சித்தியவானுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில்தான் போக வேண்டும். வழியெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகள், பேராக் ஆற்றின் மேல் ஒரு பாலம். அந்த இல்லாத ரயிலுக்கு, இப்போவின் புந்தோங் பகுதியில் தன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, தர்மேந்திரன் ஒன்றரை வருடமாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்று இருந்தது. அதில் எஞ்சினை ஓட்டலாம், புதுப் பாதைகளையும் நாமே அமைக்கலாம். செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து, நிலத்தின் மேடுபள்ளத்தை ஏற்றி, அதன்மேல் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஏற்றம் கூடினால் சரக்கு ரயில் திணறும். வளைவு இறுகினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிக்னலை எஞ்சின்காரன் கண்ணுக்கு முன்கூட்டியே படும்படி நட வேண்டும். இதையெல்லாம் தர்மேந்திரனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவன் பதினெட்டு வருடம் நிஜ ரயில் ஓட்டியவன்.

இப்போது ஓட்டுவதில்லை. டிப்போ ஸ்டோரில் உட்கார்ந்து பிரேக் கட்டைகளுக்கும் விளக்குகளுக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கிறான். இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவன் ஓட்டிய சரக்கு ரயிலில் ஒரு ஆள் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு எஞ்சின் படியில் கால் வைத்தவன் ஏறாமலே திரும்பி வந்தான். மூன்று மாதம் விடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அவன் மனைவி சாந்தினி பல் கிளினிக் ஒன்றில் கவுண்டரில் வேலை பார்த்தாள். சிமுலேட்டரை அவன் முதலில் திறந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள்.

"ரயிலையே வெறுத்துருவீங்கன்னு பயந்தேன். இதுல யாருக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல, போடுங்க," என்றாள். பாதி விலைக்குப் பெரிய திரை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியும் கொடுத்தாள்.

பாதை நன்றாகவே வந்தது. இப்போ ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினால் புந்தோங் கூரைகள், கோயில் கோபுரம், பிறகு சுண்ணாம்பு மலைகள் பின்வாங்கி, புசிங் பக்கம் ஈயக்குட்டைகளின் பச்சைத் தண்ணீர். போத்தாவைத் தாண்டினால் ஆற்றுப் பாலம். பாலத்துக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. அதற்கப்பால் ஆயர் தாவார் வரை செம்பனை மரங்களை வரிசை வரிசையாக நட்டான். நடுநடுவே யாரும் வெட்டாமல் விட்டுப்போன கித்தா என்ற ரப்பர் மரங்களை நாலைந்தாக வைத்தான். ஸ்டேஷன்களுக்கு நிழற்கூரை, பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தான். மனிதர்களை மட்டும் வைக்கவில்லை. ஒரு பிளாட்பாரத்திலும் ஒரு ஆள் கிடையாது.

பாதையை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல அவனுக்கு ஒரு நண்பன் இருந்தான். பெயர் சீனி. சித்தியவானில் பஸ் ஓட்டுகிறவன். இருவரும் நேரில் பார்த்ததில்லை. சிமுலேட்டர்காரர்களின் குழுவில் பழக்கமாகி, ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுவார்கள்.

"அண்ணே, பாதை ஃபர்ஸ்ட் கிளாஸ் லா," என்றான் சீனி ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஆனா ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா இல்லையே. எல்லாரும் செத்துப்போன ஊரு மாதிரி இருக்கு. நாலு ஆள வைங்கண்ணே."

"ஆள வச்சா கம்ப்யூட்டர் ஸ்லோவாயிரும்."

"சரி, அத விடுங்க. ஏழாங்கட்டை ஸ்டேஷன் தாண்டி ஒரு வளைவு போட்டிருக்கீங்கல்ல? அங்க தரை தட்டையாக் கெடக்கு. மலையும் இல்ல, ஆறும் இல்ல. நேராப் போலாமே? எந்த இஞ்சினியராச்சும் சும்மா வளைப்பானா? போதாததுக்கு ஹார்ன் அடிக்கச் சொல்லிப் பலகை வேற. ரயில்வே கேட்டே இல்லாத எடத்துல எதுக்கு ஹார்ன்?"

"அங்க ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருக்கு. ஆளுங்க குறுக்க போவாங்க."

"எந்த ஆளுங்க? நீங்கதான் ஒருத்தரையும் வைக்கலையே!" சீனி சிரித்தான்.

தர்மேந்திரனும் சிரிக்க முயன்றான். பிறகு வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தக் கற்பனைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் கற்பனை இல்லை. அது இப்போவுக்கு வடக்கே நிஜமாக இருக்கிற வளைவு. அதே ஆரம், அதே சரிவு. வெளிப்பக்கம் கம்பி வேலி, வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய முனியாண்டிக் கல். ஓட்டையிலிருந்து தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்துப் பெரிய ரோட்டுக்குப் போகும் ஒத்தையடிப் பாதை. ஏழாவது மைல்கல்லை ஒட்டிய ஏழாங்கட்டைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த ஆறு குடும்பங்களும் கடைக்கும் பஸ்ஸுக்கும் அந்த வழியாகத்தான் போனார்கள். வேலியை அடைத்தால் மறுபடி வெட்டினார்கள். கடைசியில் ரயில்காரர்கள் அந்த ஒத்தையடிப் பாதைக்கு முந்நூற்று முப்பது மீட்டர் முன்னால் ஒரு மஞ்சள் பலகை நட்டார்கள். பலகையைக் கண்டதும் ஹார்னை அழுத்த வேண்டும், வளைவு முடியும்வரை விடக் கூடாது. செம்பனை மறைப்பதால், கடக்கிற ஆள் எஞ்சின்காரன் கண்ணுக்குத் தெரிவதே கடைசித் தொண்ணூறு மீட்டரில்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி. தர்மேந்திரன் சிமெண்டு ஏற்றிய ரயிலை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தான். பிளாஸ்கைத் திறந்தபோது மூடி கைதவறி உருண்டது. குனிந்து எடுத்தான். நிமிர்ந்தபோது மஞ்சள் பலகை பின்னால் போய்விட்டிருந்தது. போனது அவனுக்குத் தெரிந்தது. இந்நேரத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தான். டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தான். வளைவு திரும்பியதும் தண்டவாளத்தின் மேல் ஒரு முதுகு தெரிந்தது. ஹார்னையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினான். ஆயிரத்து ஐந்நூறு டன் சுமை. ரயில் அறுநூறு மீட்டர் தள்ளிப் போய்த்தான் நின்றது.

விசாரிக்க வந்த அதிகாரி அவனிடம் முதலில் கேட்டது, "பலகையில் ஹார்ன் அடித்தாயா?" என்றுதான். அந்தப் பழைய எஞ்சினின் பதிவுப் பெட்டி வேகத்தையும் பிரேக்கையும் பதியும், ஹார்னைப் பதியாது. அது தர்மேந்திரனுக்குத் தெரியும். "அடித்தேன்," என்றான். "அடித்தும் ஆள் நகரவில்லையா?" என்று அதிகாரி கேட்டார். நகரவில்லை என்று அவன் தலையாட்டினான். அதிகாரி எழுதிக்கொண்டார். அவன் கையெழுத்துப் போட்டான். செத்தவர் பெயர் தேவன், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் என்பதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ள அவன் முயலவில்லை.

அந்த வளைவைச் சிமுலேட்டரில் கட்டி முடித்த நாளிலிருந்து, வேலை விட்டு வந்ததும் அவன் அங்கேதான் உட்கார்ந்தான். மற்ற எண்பது தொண்ணூறு கிலோமீட்டரை ஓட்டுவதை விட்டுவிட்டான். ரயிலைப் பலகைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிறுத்தி, எண்பதுக்கு ஏற்றி, பலகையில் ஹார்னை அழுத்தி, ஒத்தையடிப் பாதை வரும்வரை விநாடிகளை எண்ணுவான். பதினைந்து. திரும்பப் போவான். ஹார்னைத் தொண்ணூறு மீட்டரில் அழுத்துவான். நான்கு. வித்தியாசம் எப்போதும் பதினொன்றுதான். எத்தனை தடவை ஓட்டினாலும் அது பத்தாகவில்லை, பன்னிரண்டாகவும் ஆகவில்லை.

சாந்தினி ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். "ஏங்க, அதே எடத்தையே எத்தன தடவ ஓட்டுவீங்க?"

"சத்தம் சரியா வரல. சரிபண்றேன்."

"அந்த ஹார்ன் சத்தம் எனக்குக் கிளினிக்ல கூட கேக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாதை முழுசாக முடிந்ததும் சீனியின் வற்புறுத்தலால் அதை இணையத்தில் வெளியிட்டான். எஞ்சின் ஜன்னலிலிருந்து எடுத்த முழுப் பயண வீடியோவையும் போட்டான். ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் கீழே எழுதியிருந்தன. ஏழாங்கட்டைத் தோட்டம் என்ற பெயரும் அதில் இருந்தது. அந்தப் பெயரை அவன் மாற்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனுக்கு ஒரு செய்தி வந்தது.

"வணக்கம். என் பேரு குமுதா. ஏழாங்கட்டைத் தோட்டத்துல இருந்தேன். உங்க வீடியோவுல எங்க முனியாண்டிக் கல்லு, வேலி ஓட்டை எல்லாம் இருக்கு. ரோட்டுலேர்ந்து பாத்தா அந்தக் கல்லு தெரியாது. ரயில்லேர்ந்து பாத்தாதான் தெரியும். நீங்க ரயில் ஓட்டுறவரா?"

தர்மேந்திரன் பதில் போடவில்லை. மறுநாள் இரண்டாவது செய்தி வந்தது.

"நான் தேவனோட சம்சாரம். வீடியோவுல ஹார்ன் ரொம்ப நேரம் அடிக்குது. அன்னைக்கு நான் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஹார்னும் பிரேக் சத்தமும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. போலீஸ் பாலாய்ல அப்பவே சொன்னேன். டிரைவர் வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் அந்த டிரைவரா இருந்தா ஒரு தடவ பாக்கணும். சண்ட போட இல்ல."

ஆறு நாள் அவன் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு திரிந்தான். வீடியோவை அழித்துவிடலாம் என்று இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து மூடினான். ஏழாவது நாள் சாந்தினி சமைத்துக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்று, செய்திகளைக் காட்டினான். அவள் படித்தாள். கரண்டியை வைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"இந்தம்மா என்ன சொல்றாங்க?"

அவன் போனை வாங்கிக்கொண்டான்.

"நீங்க ஹார்ன் அடிச்சீங்கதானே?"

அவன் பின்னறைப் பக்கம் திரும்பினான். சாந்தினி அடுப்பை அணைத்தாள். "போயிப் பாக்கலாம். நானும் வாரேன்," என்றாள். அவள் குரல் அந்நியரிடம் பேசுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் புந்தோங்கில் முத்து முகம்மது கடையில் சந்தித்தார்கள். மதியக் கூட்டம் கலைந்து, பையன்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். குமுதா அவர்களுக்கு முன்பே வந்து சுவரோர மேசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. சீருடையோடு வந்திருந்தாள், புறங்கைகள் வெந்து தோலுரிந்திருந்தன. டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"நீங்கதானா?" என்றாள்.

"நான்தான்."

"சரி," என்றாள் குமுதா. "மொதல்ல நான் சொல்லிடறேன். அப்பறம் நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். அன்று மத்தியானம் அவளுக்கும் தேவனுக்கும் சண்டை. லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நிர்வாகத்தின் சூராட் கடிதம் வந்திருந்தது. டவுனுக்குப் போய்விடலாம், பிள்ளை படிப்புக்கும் நல்லது என்று அவள் சொன்னாள். அவன் பிறந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றான். பேச்சு முற்றி, "அப்ப நீ இங்கயே கெடந்து சாவு," என்று அவள் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

"ஆனா கோவம் தணிஞ்சுதாண்ணே போனாரு. கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. தேங்கா வேணுமான்னு கேட்டாரு."

ஹார்ன் அடித்தும் ஆள் நகரவில்லை என்று டிரைவர் சொன்னது மறுநாளே பரவியதும் பேச்சு வேறு திசைக்குப் போயிற்று. பெண்டாட்டி சாகச் சொன்னாள், அவன் போய்ச் செத்தான் என்று தேவனின் அண்ணன் சன்னாசி சவ ஊர்வலத்திலேயே சொன்னான். கருமாதிக்கு அவளை உள்ளே விடவில்லை. அந்தப் பக்கத்துச் சொந்தம் ஒருவரும் பேசுவதில்லை. பதின்மூன்று வயது மகள் தினேஸ்வரிக்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

"போன தீபாவளிக்கு எம்மவ கேக்குறா, அப்பாவ நீதான் சாவச் சொன்னியாம்மான்னு. இல்லன்னு சொல்ல முடியல. சொன்னேன்தானே? எனக்கே சந்தேகம் வந்திருச்சுண்ணே. அந்தச் சப்பாத்து வேற."

"என்ன சப்பாத்து?" என்று சாந்தினி கேட்டாள்.

"அவரு கால்ல போட்டிருந்த சப்பாத்துல ஒண்ணு மட்டும் தண்டவாளத்துக்குப் பக்கத்துல கிழியாம, ரத்தம் படாம கெடந்துச்சு. போலீஸ் போட்டோவுல இருக்கு. அதப் பாத்துட்டுத்தான் அவரு அண்ணன், எங்க மச்சாண்டாரு, சத்தியம் பண்றாரு. சாவப் போறவன்தான் சப்பாத்தக் கழட்டி வச்சிட்டுப் போவான்னு."

தர்மேந்திரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் அவன் தன்னிடமே முழுசாகச் சொல்லிக்கொள்ளாதது வாயில் வந்து நின்றது.

"கழட்டி வைக்கலம்மா," என்றான். "உள்ள போன கல்லத் தட்டிக்கிட்டு இருந்தாரு."

குமுதா அவனைப் பார்த்தாள்.

"ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, சப்பாத்தத் தலகீழாப் புடிச்சுத் தட்டிக்கிட்டு இருந்தாரு. முதுகு எம்பக்கம். எதிர்லைன்ல ஒரு ரயிலு அப்பத்தான் போயிருந்துச்சு. அது போயிருச்சுன்னு நம்பித்தான் ஏறியிருப்பாரு. அந்தச் சத்தத்துல என் ரயிலு வர்றது அவருக்குக் கேட்டிருக்காது. நான் பலகையில ஹார்ன் அடிக்கல. வளைவுல அவரப் பாத்த பிறகுதான் அடிச்சேன். திரும்புனாரு. தூக்குன காலக் கீழ வைக்கப் பாத்தாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். அவர் ஓடத்தான் பாத்தாரு. சாகணும்னு நிக்கல."

கடைக்காரர் கல்லாவில் யாரிடமோ போனில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். குமுதா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் குனிந்திருந்தாள்.

"அவருக்குச் சப்பாத்துல ஒரு மண்ணு போனாலும் ஆகாது," என்றாள், யாருக்கும் இல்லாமல். "குலை வெட்டப் போற எடத்துலயும் நின்னு தட்டிட்டுத்தான் நடப்பாரு. வேல வாங்குற தண்டல் ஏசுவான்."

பிறகு நிமிர்ந்தாள். "எத்தன விநாடி?"

"என்னது?"

"வீடியோவுல ஹார்ன் அடிச்சதுலேர்ந்து எங்க பாதை வர்ற வரைக்கும் நான் எண்ணிப் பாத்தேன். பதினஞ்சு வருது. அன்னைக்கு எத்தன?"

"நாலு."

"அப்ப பதினோரு விநாடி அவருக்கு இல்லாமப் போச்சு."

"ஆமா."

"சப்பாத்த மாட்டிக்கிட்டே எறங்கியிருப்பாரு," என்றாள் குமுதா. அப்போதுதான் அழுதாள். சாந்தினி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஆனால் தொடவில்லை. தர்மேந்திரன் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தபோது குமுதா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அது எனக்கு வேணாண்ணே. இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. பாலாய்ல சொல்லுங்க. எங்க மச்சாண்டாரு மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுங்க. எம்மவளும் கேக்கணும்."

காடியில் திரும்பும்போது ஒரு சிக்னலில் கார் நின்றதும் சாந்தினி அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டரை வருஷம்," என்றாள். "தூக்கத்துல எந்திரிச்சு ஒக்காருவீங்க. ஒரு ஆள் செத்தத பாத்துட்ட பயம்னு நெனச்சு முதுகத் தடவி விட்டேன். சாமிக்கு நேந்துக்கிட்டேன். எங்கிட்ட கூட சொல்லல."

"சொன்னா வேல போயிருக்கும்."

"இப்பவும் போகும்."

"தெரியும்."

"போகட்டும்," என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவள் முன்னறையில் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவன் முதலில் டிப்போ அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தான். அதிகாரி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "யாரும் கேக்கல. கேஸ் முடிஞ்சு போச்சு. ஏன்?" என்று மலாயில் கேட்டார். தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். தர்மேந்திரன் தாளை எடுக்கவில்லை. அங்கிருந்து பாலாய்க்குப் போனான். ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரருக்கு எந்தப் பகுதியில் பதிவது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகப் போன் வந்தது. இரண்டு மாதத்தில் வேலை முழுசாகப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுதாவையும் தினேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங்குக்கு ஓட்டிப் போனான். சன்னாசி அங்கே மீன் கொட்டகையில் வேலை செய்கிறவன். சாந்தினி வரவில்லை. வழி முழுவதும் பின் ஸீட்டில் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

சன்னாசி வீட்டு வாசலில் வலைப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். குமுதாவைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை நிறுத்தினான்.

"இவள ஏன் இங்க கூட்டியாந்தீங்க? நீங்க யாரு?"

தர்மேந்திரன் தான் யார் என்று சொன்னான். பலகையைச் சொன்னான். பிளாஸ்க் மூடியையும் விடவில்லை. சப்பாத்தைச் சொன்னான். நின்றபடியே சொன்னான். சன்னாசி அவனை உட்காரச் சொல்லவில்லை. தினேஸ்வரி காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

சொல்லி முடித்ததும் சன்னாசி கிட்டே வந்தான். ஓங்கி அறைந்தான். இரண்டாவது அறையில் தர்மேந்திரன் சுவரில் சாய்ந்தான். கடைவாயில் ரத்தம் வந்தது.

"டீ குடிச்சியா? எந்தம்பி தண்டவாளத்தக் கடக்குற நேரத்துல நீ டீ குடிச்சியா?"

"ஆமா."

"அடிச்சேன்னு கையெழுத்து போட்டியா?"

"போட்டேன்."

சன்னாசி மறுபடி கையை ஓங்கி, பாதியில் விட்டுவிட்டான். மூச்சு வாங்கியது. குமுதாவை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"மச்சான், எம்மேல சொன்னதுக்கு..."

"உள்ள வேல கெடக்கு," என்று சொல்லிவிட்டுச் சன்னாசி வீட்டுக்குள் போனான். கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஏதோ பாத்திரம் விழும் சத்தமும், பிறகு ஒரு ஆண் குரல் அடக்க முடியாமல் குமுறுவதும் கேட்டது. குமுதா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள்தான் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போலாம்மா," என்றாள்.

வரும் வழியில் தினேஸ்வரி தாயின் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனதைத் தர்மேந்திரன் கண்ணாடியில் ஒருதடவை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டின் கீழே இறங்கும்போது குமுதா, "இனி போன் பண்ணாதீங்கண்ணே. கோர்ட்டுலேர்ந்து கூப்புட்டா அங்க பாக்கலாம்," என்றாள்.

மரண விசாரணையை மறுபடி எடுக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் தர்மேந்திரன் ஒரு தளவாடச் சாமான் கிடங்கில் ஜாகா என்கிற காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பகல் முழுக்கக் கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுவான். கணினியைத் துணி போட்டு மூடிவிட்டான். சீனி பலமுறை கூப்பிட்டு, ஒருநாள் விஷயம் தெரிந்து, கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். பழைய டிரைவர் நண்பர்கள் சிலர் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். இவன் ஒருவனால் இனி எல்லோருடைய பழைய ரிப்போர்ட்டையும் கிளறுவார்கள் என்று அவர்களுக்குக் கோபம்.

விசாரணை நாளன்று காலையில் சாந்தினி அவன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கட்டில் மேல் வைத்திருந்தாள். "நானும் லீவு போட்டிருக்கேன்," என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

இப்போ கோர்ட்டில் அந்த அறை சின்னது. ஒரு ஓரத்தில் குமுதாவும் தினேஸ்வரியும். எதிர் ஓரத்தில் சன்னாசி, தலைக்கு எண்ணெய் தடவி, புதுச் சட்டை போட்டு. மாஜிஸ்திரேட் தர்மேந்திரனின் பழைய வாக்குமூலத்தைப் படித்தார். புதியதையும் படித்தார்.

"பலகையில் ஹார்ன் அடித்தாயா?"

"இல்லை."

"ஏன் அடித்ததாகச் சொன்னாய்?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். அவனுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. "பயந்துட்டேன்," என்றான்.

மத்தியானம் தீர்ப்பு சொன்னார்கள். தேவனின் மரணம் விபத்து. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஹார்ன் ஒலிக்கத் தவறியது மரணத்துக்கு ஒரு காரணம். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக டிரைவர் மீது தனியாக வழக்குப் போடுவது போலீசின் பொறுப்பு. எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளி வராந்தாவில் குமுதா தீர்ப்பின் நகலுக்காகக் கவுண்டர் முன்னால் நின்றாள். சன்னாசி படியை நோக்கி நடந்தான். அவர்களைத் தாண்டிப் போனவன் நின்றான். திரும்பினான். குமுதாவைப் பார்க்காமல் தினேஸ்வரியைப் பார்த்துக் கேட்டான்.

"சாப்ட்டியாடா?"

அவள் தாயைப் பார்த்தாள். குமுதா கவுண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னும் இல்ல பெரியப்பா," என்றாள் தினேஸ்வரி.

சன்னாசி இன்னும் ஏதோ சொல்ல வந்தவன்போல நின்றான். சட்டைப் பொத்தானைத் திருகினான். பிறகு தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். குமுதாவிடம் அவன் அன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதாகத் தெரியவில்லை.

நகல் கைக்கு வந்ததும் குமுதா அதை அங்கேயே நின்று முதல் வரியிலிருந்து படித்தாள். மலாய் மொழியில் 'விபத்து' என்ற சொல் வந்த இடத்தை மகளுக்கு விரலால் காட்டினாள். தாளை மடக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். தர்மேந்திரனைக் கடக்கும்போது நடை ஒரு கணம் தயங்கியது. ஆனால் அவள் நிற்கவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டும்வரை தர்மேந்திரன் தூணோரமே நின்றான். சாந்தினி பக்கத்தில் வந்து குடையை விரித்தாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க. கேஸ் போட்டா லாயர் ஒருத்தரப் பாக்கணும். கிளினிக்ல டாக்டருக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு," என்றாள். "இப்பவே போயிக் கேட்டுட்டு வந்துருவோம்."

அவன் குடைக்குள் போனான். இரண்டு பேரும் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்கள்.